நாமினி இடத்துல மேரியோட அம்மா

ஈரத் தலைமுடி வாசனை, டீசல் வாசனை, யாரோட டிபன் பாக்ஸ்ல இருந்தோ ஒழுகின புளிக்குழம்பு வாசனை... மூணும் சேர்ந்தா அதுதான் எங்க கம்பெனி பஸ்.

விடியக்காலை அஞ்சு மணிக்கு உத்திரமேரூர்ல ஏறினா ஒரகடம் வரைக்கும் பஸ்ஸே தூங்கும். கடைசி சீட்டுல நாங்க மூணு பேர் மட்டும் வாய் மூடாம வருவோம். நான், மேரி, சுமதி.

ஏன் இப்ப இந்த ஞாபகம்னா... போன வாரம் பேங்க் ஆப்ல ஒரு மெசேஜ். நாமினி பேரை அப்டேட் பண்ணணுமாம். எல்லாத்துலயும் அம்மா பேரைத்தான் போட்டிருந்தேன். அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கல்யாணம் நான் பண்ணிக்கல. அந்தக் கட்டத்துல யார் பேரை எழுதறதுன்னு தெரியாம ஒரு வாரமா போனைத் திறக்கறதும் மூடறதுமா இருக்கேன்.

போன் சார்ஜர் செய்யற கம்பெனி அது. ஞாயித்துக்கிழமை லீவெல்லாம் கிடையாது. வாரத்துல ஒரு நாள் ஆஃப், அதுவும் ஆளுக்கு ஒரு நாள். மேரிக்குச் செவ்வாய், சுமதிக்கு வியாழன், எனக்கு வெள்ளி. மூணு பேரும் சேர்ந்து ஒரு சினிமாவுக்குக் கூட போனதில்ல.

ஆனா அந்த மூணு நாளை வெச்சே மேரி ஒரு ஏற்பாடு பண்ணா. அவ திருப்புலிவனத்துக்காரி. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் வயல்ல கூலி வேலை. வேலை இல்லாத மாசம் வீடு எப்படி இருக்கும்னு பார்த்து வளர்ந்தவ.

"சம்பளத்த ஒரே எடத்துல போடாதீங்கடி. ஒண்ணு கவுந்தாலும் இன்னொண்ணு நிக்கணும்."

சம்பளம் வந்த வாரம் செவ்வாய்க்கிழமை மேரி எங்க மூணு பாஸ்புக்கையும் எடுத்துக்கிட்டு போஸ்ட் ஆபீஸ் போவா, ஆர்.டி. கட்ட. வியாழக்கிழமை சுமதி காஞ்சிபுரம் போய் மூணு பேருக்கும் நகைச்சீட்டு கட்டுவா. வெள்ளிக்கிழமை பேங்க் என் தலையில. டெபாசிட், அப்புறம் கொஞ்சூண்டு மியூச்சுவல் ஃபண்ட். அதுல மட்டும் மேரி ரொம்பக் கறார். "அது ஏறும் எறங்கும். போனா அழாத அளவுக்குப் போடு, போதும்."

நடுவுல நான் ஒரு கிறுக்குத்தனம் பண்ணப் பார்த்தேன். எங்க சித்தப்பா ஒரு தீபாவளி சீட்டுக்கு ஆள் பிடிச்சுக்கிட்டிருந்தார். தங்கக் காசு, மளிகை, ஸ்வீட் பாக்ஸ்னு பெரிய லிஸ்ட். தெருவே அதுல போட்டுது. எனக்கும் ஆசை வந்துடுச்சு. பஸ்ல மேரிகிட்ட கேட்டேன்.

"என் பாஸ்புக்கக் குடுடி."

"இன்னாத்துக்கு?"

"முடிச்சு எடுத்து சித்தப்பாகிட்ட போடப் போறேன்."

"எல்லாத்தயுமா? உனக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிகீது? ஒரு மாசம் போட்டுப் பாரு. பாஸ்புக்கு என்கிட்டயே கெடக்கட்டும்."

பத்து நாள் அவகிட்ட நான் பேசல. சுமதியை நடுவுல உக்கார வெச்சுட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே போனேன். தீபாவளிக்கு முன்னாடி அந்தச் சீட்டு ஆபீஸ்ல பூட்டு தொங்குச்சு. எனக்கு ஒரு மாசக் காசோட போச்சு. தெருவுல பாதிப் பேர் தலையில கை வெச்சு உக்காந்துட்டாங்க. மேரி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல. திட்டியிருந்தாகூட நிம்மதியா இருந்திருக்கும்.

அஞ்சு வருஷம் கழிச்சு ஆர்.டி. முடிஞ்சப்பதான் பெரிய கூத்து. பணம் எடுக்க மூணு பேரும் ஒண்ணா லீவு போட்டுப் போனோம். கவுண்டர்ல இருந்தவர் பாஸ்புக்கைப் புரட்டிட்டு, "யாரும்மா இந்த ஆரோக்கியம்?"னு கேட்டார்.

மேரியோட அம்மா!

மூணு ஃபாரத்தையும் மேரிதான் நிரப்பினா. தன்னோடதுல நாமினி எழுதின கையோட எங்களுக்கும் அதே பேரை எழுதிட்டா. நாங்களும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கோம்.

"அடிப்பாவி, நான் செத்திருந்தா என் காசு உங்கம்மாவுக்கா போயிருக்கும்?"

"போனா இன்னா? உங்கம்மாவுக்கு எங்கம்மா சோறு போடாதா?"

போஸ்ட் ஆபீஸ் வாசல்ல நின்னு கண்ணுல தண்ணி வர சிரிச்சோம்.

அப்புறம் கம்பெனியை மூடிட்டாங்க. சுமதி கல்யாணமாகி ஓசூர் போனா. மேரி புருஷனோட திருப்பூர் போனா. நான் வாலாஜாபாத்ல ஒரு கடையில பில் போடறேன். கொஞ்ச நாள் போன் பேசினோம்... அப்புறம் குட்மார்னிங் மெசேஜ்... அப்புறம் அதுவும் இல்ல.

மேரி போட்ட ஏற்பாடு மட்டும் நிக்குது. வேலை போனப்ப டெபாசிட் தாங்கி நின்னுச்சு, அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப நகை நின்னுச்சு. இப்ப எல்லாம் ஆட்டோ டெபிட். மாசம் அஞ்சாம் தேதி போன் நாலு தடவை அதிரும், அவ்ளோதான். யாரும் யாருக்காகவும் எங்கயும் போக வேண்டாம். தனியா இருக்கேன்னு எழுதவே கூச்சமா இருக்கு. ஆனா இருக்கேன்.

இன்னிக்குக் காலைல அந்தக் கட்டத்துல மேரி பேரை அடிச்சேன். உறவுன்னு ஒரு பட்டியல் வந்துச்சு. கணவர், மகன், மகள்... கடைசியா 'மற்றவர்'. அதைத் தொட்டேன். அடுத்து அவ பிறந்த தேதி கேட்டுச்சு. தெரியல. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு அந்தப் பழைய நம்பருக்கே போட்டேன்.

"மேரி, நான் கஸ்தூரி பேசறேன். உன் பொறந்த தேதி இன்னாடி?"

அதே குரல்தான்.

"ஃபாரம் நெரப்பிக்கினு கீறியா? நாமினி கட்டத்துல எங்கம்மா பேர எழுதிடாத கஸ்தூரி... அது போயி நாலு வருசம் ஆவுது."

எனக்குத் தெரியாது. நாலு வருஷமா எனக்குத் தெரியாது.

அந்த பஸ்ல அவ டிபன் பாக்ஸ்ல ஆரோக்கியம் அம்மா என்ன குழம்பு வெச்சிருக்காங்கன்னு மூடி திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லுவேன்.