அணைக்கக் கூடாத கணினி

ராயபுரத்தில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. கன்டெய்னர் யார்டுகளில் லாரி வரத்தையும் போக்கையும் பதியும் மென்பொருளை விற்றோம். ஒவ்வொரு யார்டுக் கணினியிலும் ஒவ்வொரு வகை லினக்ஸ் இயங்குதளம். ஒரே மென்பொருளை அத்தனை வகைக்கும் தனித்தனி பேக்கேஜாக்கி, ஏற்றிப் பார்த்துச் சரி சொல்வது என் வேலை.

அன்று கடைசி வகை மட்டும் பாக்கி. அதற்குள் மேனேஜர் புது வெர்ஷனை எல்லா யார்டுகளுக்கும் அனுப்பிவிட்டார். நான் என் சோதனைக் கணினியில் பழையதன் மேல் புதியதை ஏற்றினேன். முடிந்தது என்றது திரை. பதிவுகள் இருந்த ஃபோல்டரைக் காணோம்.

மற்ற வகைகளில், மென்பொருளை முழுதாக நீக்கினால்தான் பதிவுகள் அழியும். இதிலோ புதியது ஏறி முடிந்ததும், பழையது போகிற போக்கில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. இந்த வகை ஓடுவது எண்ணூர் யார்டில் மட்டும். போன் போட்டேன். கேட் கணினியைப் பார்க்கும் அண்ணன் எடுத்தார்.

"நானே போன் பண்ணலாம்னு இருந்தேன் மேடம். புச்சு ஏத்துனதுலேர்ந்து என்ட்ரி ஏற மாட்டேங்குது. ஒருதபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டா?"

"வேணாண்ணா. சுவிட்ச் பக்கமே போகாதீங்க."

அழித்த ஃபைல்கூட, அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் ஓடும்வரை உள்ளே உயிரோடு இருக்கும். கணினியை அணைத்தால் புரோகிராம் நிற்கும், ஃபைலும் போச்சு. யார்டில் நிற்கும் அத்தனை கன்டெய்னர்களின் விவரமும் அந்த ஃபைலில்தான். பேக்கப்பும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது.

போனில் ஹாரன் சத்தம். ஒரு டிரைவர் கத்தினார். "எம்மா நேரம் நிக்கிறது நைனா? ஆஃப் பண்ணிப் போடு அத்த."

"கொஞ்சம் இரு மாமு, கைய வெக்காத," என்றார் அண்ணன்.

ஃபைலை நகலெடுக்கும் கட்டளையை, இடையில் வரும் சாய்கோடுகளோடு, எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"கோடு எந்தப் பக்கம் சாஞ்சது மேடம்?"

"வலது பக்கம்."

தட்டினார். "ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

"தப்புன்னாதான் திரை சொல்லும். சொல்லலன்னா நல்லதுண்ணா."

நகலின் அளவைப் படிக்கச் சொன்னேன். பெரிய எண்தான் வந்தது. ஆனாலும் உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று, புரோகிராமை நிறுத்தி, நகலைப் பழைய இடத்தில் வைத்து, திரும்ப ஓட்டினால்தான் தெரியும். நிறுத்தச் சொன்னேன்.

மற்ற கட்டளைகளையும் நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார்.

"வந்துச்சு மேடம். நேத்து வந்த வண்டிகூட கீது. நீ தண்ணி குடி, கொரலே சரியில்ல."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனிமே நீ சொன்னப்புறம்தான் அனுப்புவேன்," என்றார். நான் பேக்கேஜில் இருந்த அந்தத் துடைக்கும் வரியைத் திருத்திவிட்டு, முதல் வகையிலிருந்து மறுபடி ஏற்றிப் பார்க்க ஆரம்பித்தேன்.