கட்சியில் மிச்சம் இருந்தவர்கள்

கருத்துக்கணிப்பு ஆபீஸில் அவளுக்கு ஒட்டுக்கேட்கிற வேலை. ஆபீஸில் அதற்கு வேறு கௌரவமான பெயர் வைத்திருந்தார்கள்; செய்வது என்னவோ இதுதான். வரிசையாகத் தடுப்புக்குள் உட்கார்ந்து போனில் கேள்வி கேட்கிற பெண்களின் பேச்சுக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, கேள்வியைத் திரிக்கிறார்களா, பதிலை வாயில் ஊட்டிவிடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். பல வருஷம் அவளே கேள்வி கேட்டு, முகம் தெரியாத ஊர் ஜனத்திடம் வாங்காத திட்டெல்லாம் வாங்கிய பிறகு கிடைத்த இடம் அது.

அவளும் கணவரும் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணனுக்கு டயர் கடை, அது பேருக்குத்தான். முழுநேர வேலை ஆளுங்கட்சியில் வட்டச் செயலாளர். தலைவர் தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார். தங்கச்சியின் வேலையைப் பற்றிக் கேட்டால், "போன்ல வம்பு பேசுறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் காப்பித் தம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

அந்த வருஷம் அரசாங்கம் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தது. பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருந்த கடைகள் ஈயோட்ட ஆரம்பித்தன. அண்ணியின் தையல் கடையும் அங்கேதான். கடையை மூடிவிட்டு அண்ணி வீட்டில் உட்கார்ந்தபோது அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: "இதை வெளியில யார்கிட்டயும் புலம்பிக்கிட்டுத் திரியாத. மகளிரணியில இருக்க. பேரு கெட்டுடும்."

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் பேப்பரில் அந்தக் கணிப்பு வந்தது. கட்சிக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தலைவரின் ஆட்சி திருப்தி என்கிறார்களாம். கணிப்பு நடத்தியது அவளுடைய ஆபீஸ். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை வம்பு பேசுகிற வேலையாக இருந்தது ஒரே காலையில் விஞ்ஞானம் ஆகிவிட்டது. "என் தங்கச்சி ஆபீஸ் கணக்கு. தப்பவே தப்பாது" என்று தெருமுனையில் தட்டி எழுதி வைத்தார். பஸ் ஸ்டாண்டைப் பற்றி யாராவது முனகினால் அந்தத் தட்டியைக் காட்டுவார். "பத்துல ஒம்பது பேர் சந்தோஷமா இருக்கான். உனக்கு மட்டும் என்னய்யா அரிக்குது?"

அவளுக்கு ஹெட்செட்டில் கேட்டது வேறு. முதல் கேள்வி, நீங்கள் எந்தக் கட்சி என்பது. முன்பெல்லாம் பட்டென்று பதில் வரும். இப்போது ஒரு இழுப்பு இழுத்தார்கள். "அந்தக் கட்சியிலதான் இருந்தேன். இப்ப எதுவும் இல்ல. அடுத்ததைக் கேளும்மா." அடுத்தது தலைவரைப் பற்றி. அதற்கு வந்த பதில்களைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அத்தனை வசவும் எந்தக் கட்சியும் சாராதவர் என்ற பெட்டிக்குள் போய் விழுந்தது. கட்சிக்காரர் பெட்டியில் மிஞ்சியவர்கள் பாராட்டினார்கள்.

ஒருநாள் மேனேஜரிடம் கேட்டாள். "சார், கோவப்படுறவங்க எல்லாம் கட்சியே இல்லன்னு சொல்லிடுறாங்க. அப்புறம் கட்சிக்காரங்க கணக்கு நல்லாத்தானே வரும்?"

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா. நூறு பேர்ல நாப்பது பேர் வெறுத்துப்போய் வெளிய போயிட்டா, மிச்ச அறுபதும் பக்தருங்கதான். அதுல நூத்துக்குத் தொண்ணூறென்ன, நூறே வரும். இது எனக்கு நீ சொல்லித்தான் தெரியணுமா?"

"அப்ப பேப்பர்ல அதைச் சொல்லலாம்ல?"

"பொடி எழுத்துல போட்டிருக்கோம், கட்சிக்காரங்க எண்ணிக்கையே குறைஞ்சிருக்குன்னு. பேப்பர்காரன் கேட்டது கட்சிக்குள்ள செல்வாக்கு எவ்வளவுன்னு. கட்சியில எத்தனை பேர் மிச்சம்னு அவன் கேக்கல. நீ உன் சீட்டுக்குப் போ."

அவளுக்கு அந்த ஆள் மேல் வந்த எரிச்சலைவிடத் தன்மேல் வந்த எரிச்சல் அதிகம். மறுநாளும் அதே நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த சுற்றில் கணக்கு தொண்ணூற்று மூன்றாக ஏறியது. அந்தச் சுற்று நடந்துகொண்டிருந்தபோதுதான், பக்கத்து வரிசைப் பெண் பேசிக்கொண்டிருந்த ஒரு அழைப்புக்குள் அவள் நுழைந்தாள். எதிர்முனைக் குரல் காதில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. அண்ணி.

"எந்தக் கட்சின்னு சொல்லலாமா மேடம்?"

"எந்தக் கட்சியும் இல்ல."

"முன்னாடி ஏதாவது கட்சியில—"

"முன்னாடி இருந்ததைப் பத்தி எதுக்கு? இப்ப இல்ல."

"தலைவரோட ஆட்சி திருப்தியா இருக்கா?"

"நாசமாப் போகட்டும்னு எழுதிக்கோ" என்றாள் அண்ணி, அரிசி விலை சொல்வதுபோல நிதானமாக. "அப்படி எழுத முடியாதுன்னா, ரொம்ப மோசம்னு எழுது."

யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதை வெளியே விடக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அவள் அதை மென்று முழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று மாலை அண்ணி எப்போதும்போல மகளிரணிக் கூட்டத்துக்குப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்திலிருந்து ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை.

அண்ணன் அந்தத் தொண்ணூற்று மூன்றைத் தூக்கிக்கொண்டு மேலிடம் வரை போனார். இந்த வட்டத்தில் வேலையே செய்ய வேண்டாம், பையன்களைப் பக்கத்து வட்டத்துக்கு அனுப்புங்கள், கட்சி இங்கே கல்லு மாதிரி நிற்கிறது என்று வாக்குக் கொடுத்தார். கவுன்சிலர் சீட்டும் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் உட்கார்ந்து மார்தட்டியபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணா, அந்த நம்பரை நம்பாத. அது கட்சியை விட்டுப் போகாதவங்க கணக்கு. போனவங்க அதுல இல்ல."

அண்ணன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். "போனவன் எவன்? ஒரு பேர் சொல்லு."

அவள் அண்ணியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். "பேரெல்லாம் சொல்லக்கூடாது."

"இருந்தாத்தானே சொல்லுவ. நான் கவுன்சிலர் ஆகுறது உனக்கு வயித்தெரிச்சல். மாடியில ஓசியில இருந்துக்கிட்டுக் கீழ இருக்கிறவனுக்குக் குழி பறிக்கிற."

அவள் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அண்ணி குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அத்துடன் கீழே போய்ச் சாப்பிடுவது நின்றது.

தேர்தலில் அண்ணன் ஜெயிக்கவில்லை என்று சொன்னால் போதாது. சொந்தத் தெருவிலேயே மூன்றாவதாக வந்தார். அவர் ஒவ்வொரு நாளும் கைகுலுக்கிய பழக்கடைக்காரரும் முடிவெட்டுகிறவரும் ஓட்டு எண்ணிய அன்று கடையைத் திறக்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாது என்றுதான் திறக்கவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

முடிவு வந்த சாயங்காலமே மாடிப்படி அதிர ஏறி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தொண்ணூத்து மூணுன்னீங்களே. எங்க அந்தத் தொண்ணூத்து மூணு? பொய்க் கணக்கு போட்டு என்னைத் தெருவுல நிறுத்திட்டீங்கல்ல?"

"கணக்கு பொய் இல்ல. கூட்டத்துல பாதிப்பேர் எழுந்து போன அப்புறம் கதவைச் சாத்திட்டு, உள்ள இருக்கிறவங்க எல்லாரும் கை தட்டுறாங்கன்னு நீ சந்தோஷப்பட்டுக்கிட்ட. நான் சொன்னப்ப என்னைத்தானே திட்டின?"

"எவன்டி போனான்? இப்பவாவது சொல்லு, எவன் போனான்?"

"நான் போனேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அண்ணி படியில் நின்றுகொண்டிருந்தாள். "எனக்கும் போன் வந்துச்சு. எந்தக் கட்சியும் இல்லன்னு சொன்னேன். ஓட்டும் உங்களுக்குப் போடல."

மனைவியைத் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தங்கச்சி பக்கம்தான் திரும்பினார். "இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க."

"சொல்லியிருந்தா நீ இவங்களை என்ன பண்ணியிருப்பன்னும் தெரியும்."

அவர் இறங்கிப் போனார். அதன்பின் மாடிக்குத் தண்ணீர் மோட்டார் போடுவது நின்றது. படிக்கட்டு விளக்கு எரியவில்லை. வீட்டைக் காலி பண்ணு என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ஆபீஸில் புதிய கணிப்பு. போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று ஒரு கேள்வி. தலைவரின் கட்சிக்குப் போட்டதாக ஒத்துக்கொள்ள ஆளே கிடைக்கவில்லை. உண்மையில் விழுந்த ஓட்டில் பாதிகூடத் தேறவில்லை. ஓட்டுப் பெட்டிக்குள் விழுந்ததெல்லாம் பேய் வந்து போட்டதுபோல ஆகிவிட்டது. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு அந்த எண்ணை இழுத்தும் நீட்டியும் சரிக்கட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அடுத்த அழைப்புக்குள் நுழைந்தாள்.

டீக்கடையில் அண்ணனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். "நான் அப்பவே தலைவர்கிட்ட நேரா சொன்னேன், பஸ் ஸ்டாண்டுல கை வைக்காதீங்கன்னு. எனக்கு அந்தக் கட்சியே ஒத்து வரல." கேட்டவர்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர்களும் அதே கதையைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவளும் கணவரும் வேறு வீடு பார்த்தார்கள். சாமான் ஏற்றுகிற அன்று வாசலில் அண்ணன் எதிர்க்கட்சியின் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டச் சொல்லி நின்றுகொண்டிருந்தார். அண்ணி மட்டும் பாத்திர மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டாள்.

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: "வண்டியை அந்தப் பக்கம் எடுப்பா. இங்க கம்பம் நடணும்."