அம்மாவின் ஏழு ஓகே

வீட்டில் யாரையும் நம்பக் கூடாது என்பது பத்து வயதில் நான் எடுத்த முடிவு. குறிப்பாக அம்மாவை. அவர் கைப்பேசியில் பேசும்போது நான் பக்கத்தில் வந்தால் போதும், தமிழும் மலாயும் காணாமல் போய் 'ஓகே' மட்டும் மிஞ்சும்.

நானா விடுவேன்? அந்த ஓகேக்களை வகை பிரித்தேன். இழுத்துச் சொன்னால் முடியாது என்று பொருள். வேகமாக இரண்டு முறை சொன்னால், பேச்சை நிறுத்து. 'ஓகே லா' என்றால், பிடிக்கவில்லை, வேறு வழியும் இல்லை. இப்படி ஏழு தேறின. இந்த அக்கறையைக் கணக்குப் பாடத்தில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

அந்த மாதம் முழுக்க 'ஓகே லா'வாகவே கேட்டது. குவாலா சிலாங்கூர்ப் பக்கத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிய அப்பா, குலை காலில் விழுந்து வேலைக்கு ஆகாமல் உட்கார்ந்திருந்தார். சுங்கை ஆயர் தாவாரில் இருந்த சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. என்னை அங்கே தள்ளிவிடப் போகிறார்கள்! பிஸ்கட் டின்னிலிருந்து என் பிறப்புப் பத்திரத்தை அம்மா எடுத்து வைத்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்திரம் இல்லாமல் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? அம்மா குளிக்கப் போன நேரம் அதை அரிசி வாளிக்கு அடியில் செருகினேன்.

அம்மா வீட்டையே புரட்டிப் போட்டார். நானும் கூடவே தேடினேன். அப்பா அந்தக் காலோடு குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். கடைசியில் அம்மா தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளையோட பொறப்புச் சூரா ஒன்னுதான் கெடைக்கல, கிராணி. நாளைக்கு எல்லாத்தையும் கொண்டாந்து வேலைக்கு என் பேரப் பதிஞ்சிடுறேன். வீட்ட மட்டும் வேற ஆளுக்குக் குடுத்துடாதீங்க. ஓகேவா? ஓகேவா கிராணி?"

வேலைக்கு ஆள் இருந்தால்தான் தோட்டத்தில் வீடு என்பது எனக்கும் தெரியும். ஆனால் இப்படிக் கெஞ்சும் ஓகே என் ஏழில் இல்லை. பத்திரத்தை எடுத்து நீட்டினேன்.

"ஏன்டி ஒளிச்ச?"

"சின்னம்மா வீட்டுக்குப் போமாட்டேன்."

அம்மா சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவுக்குக் கிடைத்தது புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. இதே தோட்டத்தில் இருந்த பெரியம்மாவின் கண் மங்கியது அந்த வேலையில்தான். உன்னை அந்த விஷத்தைத் தொட விடமாட்டேன் என்று அப்பா அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மறு வாரம் ஒரு காலை, முழுக்கைச் சட்டையும் முகத்தைச் சுற்றிய துணியுமாக அம்மா வாசலில் நின்றார்.

"போய்ட்டு வரவா? ஓகேவா?"

அப்பா தன் காலைப் பார்த்தபடி, "ஓகே" என்றார்.

வீடும் தப்பியது, நானும் தப்பினேன் என்று துள்ளிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன். அம்மாவின் ஒவ்வொரு ஓகேயையும் துருவித் துருவிப் பார்த்த நான், அப்பா சொன்ன அந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.