எலுமிச்சம்பழச் சத்தம்

காருக்கு அகலமான டயர் வேண்டும் என்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்று மாற்றினார். வழக்கம்போல நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் பின்சீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும், மேடு பள்ளத்தில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். "நசுங்கின பழத்தோல் மட்கார்டு உள்ள ஒட்டிட்டிருக்கும். காஞ்சா தானா விழுந்துடும்" என்றார். நானும் நம்பினேன். தனியாக ஆபீஸ் போகும்போது சத்தமே வராது. சரி, விழுந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டாங்குளத்தூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் அவர், பின்னால் மாமியாரும் மகளும். மகள் எப்போதும் என் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அந்தச் சத்தம் வந்தது. இந்த முறை சட்டென்று அடங்கவில்லை. கூடவே ரப்பர் கருகும் நாற்றம்.

"பழத்தோல் இப்படியா நாறும்?" என்று கேட்டேன். பின்னால் ஒரு லாரி முட்டுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. டயர் வெடித்தால் கார் எந்தப் பக்கம் இழுக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. பயத்தில் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

வண்டலூர் ஸ்டேஷன் பக்கம் ஓரங்கட்டி, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தோம். மட்கார்டின் உள்விளிம்பு என் பக்கத்துப் பின் டயரின் ஓரத்தைச் சீவியிருந்தது. விரலை வைத்தேன், நகம் உள்ளே போனது. வெட்டுக்குள் நூல் தெரிந்தது. அதற்கு மேலேதான் மகள் உட்கார்ந்திருந்தாள்.

மாமியாரையும் அவளையும் மின்சார ரயிலில் ஏற்றி அனுப்பினேன். "நீயும் வாம்மா" என்று மகள் அழுதாள். நாங்கள் ஸ்டெப்னியை மாட்டி, ஓரமாகவே ஊர்ந்து தாம்பரம் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். "இன்னா சார், பின்னாடி ஆள் குந்துனா வண்டி எறங்கும்ல? அகல டயரு மட்கார்டுல ஒரசும்" என்றார் மெக்கானிக். வெட்டுப்பட்ட டயரைத் தூக்கிப் போடச் சொன்னார். சக்கரங்களைக் கழற்றி, மட்கார்டு விளிம்பைச் சூடாக்கி, உருளையால் அழுத்தி அழுத்தி உள்பக்கம் மடித்தார். பெயிண்ட் விரிசல் விட்டுவிடுமோ என்று என் கணவர் பதறினார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

புது டயர் மாட்டியதும், "எல்லாரும் பின்னாடி குந்துங்க, ஒரு ரவுண்டு பாத்துடலாம்" என்று மெக்கானிக் ஓட்டினார். நான் மகளின் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் கணவரும், டீ குடிக்க வந்த ஒரு கனமான ஆட்டோக்காரரும். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன்.

"சத்தம் கேக்குதாக்கா?"

"இல்ல. இன்னொரு தடவ போங்க."

அப்போதும் கேட்கவில்லை.

கிளம்பும்போது என் கணவர் எதிர்க்கடையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.

"சக்கரத்துக்குடி!"

"ஜூஸுக்கு" என்றேன்.

நாளைக்கு மகள் பின்னால் உட்காருவாள். சத்தம் வந்தால் பழிபோட அங்கே ஒரு பழம் இருக்கக் கூடாது.