காத்திவாக்கத்துக்கு எப்படிப் போவது

திருவொற்றியூர் தாண்டியதும் பேருந்து நின்றுவிடுகிறது. முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. கையில் மாலையோடு இறங்கி நடக்கிறேன். நண்பன் செல்வத்தின் அப்பா காலையில் இறந்துவிட்டார். இருட்டுவதற்குள் எடுத்துவிடுவார்கள்.

மீன் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று அருகில் நிற்கிறது. ஓட்டுகிறவர் மாலையைப் பார்க்கிறார்.

"இன்னா சார், சாவு வூட்டுக்கா?"

"ஆமாங்க. காத்திவாக்கம்."

"நடந்து எப்ப போய்ச் சேருவே? ட்ரெயினும் இப்பதான் போச்சு. குந்து, நா வுடறேன்."

லாரிகளுக்கு இடையில் புகுந்து, கடலோரச் சந்துகளில் வளைந்து போகிறோம். "அடுத்த வாட்டி ராயபுரத்துலயே ட்ரெயின் ஏறி, காத்திவாக்கம் ஸ்டேஷன்ல எறங்கிடு. இந்த ரோட்ட நம்பாதே, பேஜாரு" என்கிறார்.

வீட்டு வாசலில் பாடை தயாராக இருக்கிறது. தென்காசியிலிருந்து வரும் சொந்தக்காரர்களின் வேனும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கொள்ளிச் சட்டியோடு செல்வம் முன்னால் நிற்கிறான். தூக்குவதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர்தான் வந்திருக்கிறார்கள். மாலையைப் போட்டுவிட்டு நான் மூன்றாவது ஆளாகக் குனிகிறேன்.

மொபெட்காரர் போய்விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நான்காவது மூலைக்கு வருகிறார்.

செல்வம் திரும்பிப் பார்க்கிறான். "யாருடா, உன்கூட வந்தவரா?"

"ஆமா" என்கிறேன்.