முடியாத ஜெபம்

கயானாவின் நியூ ஆம்ஸ்டர்டாமில், லூத்தரன் கோயிலில் முப்பது ஆண்டு பிரசங்கித்த எக்பர்ட் குவாமினா, இயேசுவின் நாமம் சொல்லாமல் ஒரு ஜெபத்தையும் முடித்ததில்லை. படகு கவிழ்ந்து பதினொருவர் பெர்பிஸ் ஆற்றில் மூழ்கிய மறுநாள், படகுத்துறையில் சர்வமதப் பிரார்த்தனை வைத்தார்கள்.

“பாஸ்டர், அந்தப் பேரை மட்டும் விட்டுடுங்க. யார் மனசும் நோகக்கூடாது” என்றார் நகராட்சி அதிகாரி. செத்தவர்களின் வீட்டாரை நினைத்துக் குவாமினாவும் தலையாட்டிவிட்டார்.

“கடவுளே” என்று தொடங்கி, “கேட்டருளும்” என்று நிறுத்தினார். ஆமென் எழவில்லை. அவருடைய சபையார் நாமம் வரட்டும் என்று கண்மூடிக் குனிந்தபடியே நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் அசையவில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. தண்ணீருக்குள்ளும் யாரோ தலைகுனிந்து காத்திருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

பக்கத்தில் நின்ற இந்துக் கோயில் பண்டிதர் ராம்சரூப் முணுமுணுத்தார்: “என்னய்யா, ஜெபத்தை அந்தரத்துல தொங்க விட்டுட்டீர்? உம்ம சாமி பேரைச் சொல்லி முடிச்சுடும். என் சாமி பேரை நான் விடப்போறேனா?”

“அதிகாரி கோவிப்பாரே.”

“அவரா உம்ம சாமி?”

குவாமினா, “இயேசுவின் நாமத்தில்” என்றார்.

சபையார் வாய் திறக்குமுன்பே, துறைக்குக் கீழே தண்ணீர்ப் பக்கமிருந்து ஓர் ஆமென் கேட்டது.