பச்சைக் கோட்டின் லேபிள்

புது உடுப்பு வந்தால் லேபிளை வெட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை. ஸ்டுட்கார்ட்டில் அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்தார். எட்டு வயதில் எனக்கென்று ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. கை நீளத்தைக் கட்டையாக்கும்படி மேல்மாடிக் கொங்கோ நாட்டு மாமா அம்மாவிடம் கொடுத்த புதுப் பச்சைக் கோட்டில், கை விளிம்பின் வெளிப்பக்கம் ஒரு லேபிளைக் கண்டேன். பாவம், வெட்ட மறந்துவிட்டார் என்று நறுக்கிக் குப்பையில் போட்டேன்.

மாமா கிழமை நாட்களில் பஸ் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை படி இறங்கினாரென்றால் கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். இந்த முறைக்குப் பச்சைக் கோட், வெள்ளைக் காற்சட்டை, மஞ்சள் தொப்பி, பற்றவைக்காத பைப். மூன்று நிறத்துக்கு மேல் கூடாது என்பது அவர்கள் சட்டம். இப்படி உடுத்தும் கொங்கோக்காரருக்குச் ‘சாப்பர்’ என்று பெயர். அந்த ஞாயிறு நகரச் சதுக்கத்தில் அவர்களுடைய ஊர்வலம். மாமாவுக்கு அதுதான் முதல் தடவை. அன்று காலை கோட்டை எடுக்க வந்தவர் கை விளிம்பைப் பார்த்தார். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அவருடைய அப்பப்பா வெள்ளைத் துரை வீட்டில் வேலைக்கு நின்றவராம். துரை போட்டுக் கழித்த கோட்டுகள்தான் சம்பளமாம். அதையே துரையைவிட அழகாகப் போட்டுக் காட்டியதில் தொடங்கியதாம் இந்தச் சாப்பர் வழக்கம் எல்லாம். இது யாரும் கழித்துக் கொடுத்ததல்ல, நானே வாங்கியது என்பதற்கு அந்த லேபிள்தான் சாட்சி என்றார். நான் அழத் தொடங்கினேன். வழக்கமாக வாய் திறக்காத அப்பா எழும்பினார்.

“எந்த வாளிக்குள்ளை போட்டனீ?”

“கறுப்பு வாளி அப்பா. துணியைப் பேப்பர் வாளிக்குள்ளை போடக்கூடாது எண்டு பள்ளிக்கூடத்திலை சொன்னவை.”

வாழ்க ஜெர்மனியின் குப்பைச் சட்டம்! முற்றத்து வாளிக்குள் அப்பா இடுப்புவரை இறங்கினார். கீழ்வீட்டு ஜெர்மன்காரி யன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். தேயிலைச் சக்கைக்கு அடியிலிருந்து, “கிடைச்சிட்டுது!” என்று அப்பா போட்ட சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

“அந்தரப்படாதேங்கோ, பத்து நிமிசம்!” என்று அம்மா கழுவி, அயன் பண்ணித் தைத்துக் கொடுத்தார். எல்லோரும் ரயிலுக்கு ஓடினோம். சதுக்கத்தில் மாமா கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். சனம் ஆரவாரித்தது. அப்பா விசில் அடித்தார், எங்கள் அப்பா!

வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் குளிர்கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார். அகதி முகாமில் இருந்தபோது தேவாலயத்தில் கொடுத்தது. கழுத்துக்கு உள்ளே ‘ஹெல்முட்’ என்று பெயர் தைத்த துண்டு இருக்கும். அது ஜெர்மன்காரர் அப்பாவுக்கு வைத்த பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை அவர் நூல் நூலாகப் பிரித்தெடுத்தார்.

கத்தரிக்கோலோடு பக்கத்திலேயே நின்றேன். என்னிடம் தரவில்லை. லேபிள் வெட்டுவது என் வேலை அல்லவா? வந்த கோபத்தில் அன்று முழுக்க அப்பாவோடு நான் கதைக்கவேயில்லை.